டிஎஸ்ஹெச் ஏறியிருக்கு, அப்புறம் எதுக்கு ஹார்மோன் மாத்திரை?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4, மாலை 6.12

தைராய்டு ரிப்போர்ட்ல டிஎஸ்ஹெச் 18.4, பக்கத்துல ஹைன்னு போட்டிருக்கு. ஃப்ரீ டி4 0.7, அதுக்கு லோன்னு. டாக்டர் தைராக்சின் 75 எழுதிக் குடுத்துட்டார். ஹார்மோன் அதிகமா இருக்குற ஆளுக்கு எதுக்குங்க இன்னும் ஹார்மோன்? பிட்யூட்டரிதான் எல்லா சுரப்பிக்கும் மாஸ்டர்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், அப்ப அதுக்கு வைத்தியம் பாத்தா எல்லாமே சரியாயிடாதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 4, இரவு 10.35

டிஎஸ்ஹெச் தைராய்டு சுரக்குறது இல்ல சகோ. மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரக்குறது, "இன்னும் கொஞ்சம் விடு"ன்னு தைராய்டுக்குப் போற உத்தரவு. அந்த உத்தரவைக் கேட்டு தைராய்டு விடுறதுதான் டி4, அதாவது தைராக்சின், கூடவே கொஞ்சம் டி3ங்கிற இன்னொரு ஹார்மோன். ரத்தத்துல டி4 போதுமான அளவு இருந்தா பிட்யூட்டரி உத்தரவைக் குறைச்சுக்கும், டி4 இறங்குனா ஏத்தும். உங்க தைராய்டால முடியல, டி4 0.7ல நிக்குது, அதனால பிட்யூட்டரி 18.4 வரைக்கும் போயிடுச்சு. காது மந்தமா இருக்குறவர்கிட்ட பேசுறப்ப நம்ம குரல் தானா உசந்துடும்ல, அந்தக் கதைதான். குரல் உசந்திருக்குன்னா பேசுறவருக்குக் கோளாறுன்னு ஆயிடாது. மாத்திரையில டி4 உள்ள போனா பிட்யூட்டரி தானா அடங்கிடும்.

டி4க்கும் டிஎஸ்ஹெச்சுக்கும் இருக்குற கணக்கு நேர்கோடு கிடையாது. டி4 பாதியா குறைஞ்சா டிஎஸ்ஹெச் ரெண்டு மடங்கு ஏறாது, பல பத்து மடங்கு ஏறும். அதனாலதான் தைராய்டு லேசா தடுமாற ஆரம்பிக்கும்போதே, டி4 இன்னும் நார்மல் வரம்புக்குள்ள இருக்கும்போதே, டிஎஸ்ஹெச் கண்ணுக்குத் தெரியுற அளவு ஏறிடுது. ரத்தப் பரிசோதனைன்னு வந்தா முதல்ல அதைக் கேக்குறதுக்குக் காரணம் இதுதான்.

மாஸ்டர்ங்கிற பேர் பத்தி. பிட்யூட்டரி மொத்தமே அரை கிராம் எடை. அதுக்கு மேல ஹைப்போதலாமஸ்னு மூளையோட ஒரு பகுதி உக்காந்திருக்கு, அங்கிருந்து சின்ன ரத்தக்குழாய்கள் வழியா டிஆர்ஹெச்னு ஒரு ஹார்மோன் இறங்கி வந்துதான் பிட்யூட்டரியே டிஎஸ்ஹெச் விடுது. தைராய்டு விடுற டி4 திரும்ப மேல போய் அந்த ரெண்டு பேரையும் அடக்குது. இதுல யாரை மாஸ்டர்னு சொல்வீங்க? மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே இருக்காங்க, அவ்வளவுதான்.

எனக்கும் இதே ஹைப்போதைராய்டுதான் (தைராய்டு போதுமான அளவு சுரக்காதது), பல வருஷமா மாத்திரை போடுறேன். கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி காலையில எந்திரிச்சா கண் இமை ரெண்டும் வீங்கியிருக்கும், மோதிரம் கழட்ட வராது, குரல் தடிச்சுப் போய் போன்ல பேசுறவங்க எல்லாம் சளியான்னு கேப்பாங்க. இது ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்ததால யாருக்கும் ஒண்ணா சேத்துப் பாக்கத் தோணல. டி4 உடம்புல ஏறக்குறைய எல்லா செல்லுக்கும் வேணும், அதனால அது குறைஞ்சா ஒரு இடத்துல வலிக்காது, எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் மந்தமாகும். அதான் இந்த வியாதியோட கஷ்டம்.

பிப்ரவரி 5, காலை 7.50

அவசரமா ஒண்ணு. மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள்லயே மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு "குறையவே இல்ல"ன்னு பயப்படாதீங்க. டி4 ரத்தத்துல பாதியா குறையவே ஏழு நாள் ஆகும். புது டோஸ் நிலைக்கு வரவும் பிட்யூட்டரி அதைப் பாத்து அடங்கவும் ஆறுலேர்ந்து எட்டு வாரம் வேணும். வெறும் வயித்துல போடுங்க. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுறவங்க நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க, கூடவே போட்டா தைராக்சின் குடல்ல ஒழுங்கா ஏறாது.

முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கிற வைட்டமின் சாப்பிடுறீங்கன்னா டெஸ்ட்டுக்கு முன்னாடி லேப்ல சொல்லிடுங்க. பல லேப் பரிசோதனை முறையிலயே பயோட்டின் ஒரு பாகமா இருக்கு, ரத்தத்துல அது ஜாஸ்தியா இருந்தா டிஎஸ்ஹெச் குறைவாவும் டி4 அதிகமாவும் பொய்யா காட்டும். மருந்தே ஒழுங்கா எடுக்காத ஆளுக்குக் கூட ஓவர்டோஸ் மாதிரி தெரியும்.

பிப்ரவரி 5, இரவு 11.20

"டிஎஸ்ஹெச் மட்டும் பாத்தா போதுமா"ன்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். பெரும்பாலானவங்களுக்குப் போதும். பிட்யூட்டரியே அடிபட்டிருந்தா போதாது. பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போயி பிட்யூட்டரிக்கு ரத்த ஓட்டம் நின்னு அது கருகிப் போறது உண்டு, ஷீஹன் சிண்ட்ரோம்னு பேரு. அவங்களுக்கு டி4 குறைஞ்சிருக்கும், ஆனா உத்தரவை ஏத்த ஆளே இல்லாததால டிஎஸ்ஹெச் நார்மல்னு கூட வரும். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு தைராய்டுல ஒண்ணும் இல்லன்னு அனுப்பிடுவாங்க. பிரசவத்துக்கு அப்புறம் பால் சுரக்கல, மாதவிலக்கு திரும்ப வரல, எந்நேரமும் அசதின்னா இதைக் கேட்டே ஆகணும்.

இன்னொண்ணும் இருக்கு, இது ரொம்ப முக்கியம். பிட்யூட்டரி போன ஆளுக்கு கார்டிசாலும் (சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி, பிட்யூட்டரி உத்தரவுல விடுற ஹார்மோன்) குறைஞ்சிருக்கும். அவங்களுக்கு முதல்ல கார்டிசால் குடுக்கணும், அப்புறம்தான் தைராக்சின். மாத்திக் குடுத்தா தைராக்சின் உடம்போட வேகத்தை ஏத்தி, இருக்குற கொஞ்ச நஞ்ச கார்டிசாலையும் கரைச்சு, உயிருக்கே ஆபத்தாயிடும்.

பிப்ரவரி 6, மாலை 5.05

தைராக்சின் "கெமிக்கல்", வாழ்நாள் பூரா சாப்பிட்டா உடம்பு என்னாகும்னு ஒரு பதிவு. 1891ல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், தைராய்டு முழுசா வத்திப் போன 46 வயசு அம்மா ஒருத்தருக்கு ஆட்டோட தைராய்டை அரைச்சு வடிகட்டி ஊசியாப் போட்டார். அந்தக் காலத்துல அந்த வியாதின்னா முகம் ஊதி, பேச்சு குழறி, மெல்ல மெல்ல செத்துப் போறதுதான். அந்த அம்மா அதுக்கப்புறம் 28 வருஷம் இருந்தாங்க. கடைசி வரைக்கும் அந்தச் சாறுதான், பின்னால வாய் வழியா. இப்ப நம்ம மாத்திரையில இருக்குற தைராக்சின் நம்ம தைராய்டு செய்யுற அதே மூலக்கூறு, அணு பிசகாம. டோஸ் தப்பா இருந்தா தப்புதான், இதயத் துடிப்பு ஏறும், எலும்பு தேயும். சரியான டோஸ்ல இருக்குறப்ப உடம்புக்கு அது வெளியாளே கிடையாது.

டிஆர்ஹெச் பத்தி முன்னாடி ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டேன், அதுக்குப் பின்னால இருக்குற உழைப்பைச் சொல்லாம விட மனசு வரல. ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ஆரம்பத்துல சேந்து வேலை பாத்து அப்புறம் போட்டியாளர் ஆயிட்டாங்க. ஒருத்தர் ஆட்டு மூளை, இன்னொருத்தர் பன்றி மூளை. கில்லெமின் குழு சுமார் 3 லட்சம் ஆடுகளோட ஹைப்போதலாமஸ்லேர்ந்து பிரிச்சு எடுத்தது 1 மில்லிகிராம் டிஆர்ஹெச். 1969ல அமைப்பைக் கண்டுபிடிச்சுப் பாத்தா வெறும் மூணு அமினோ அமிலம் சேந்தது! இத்தனூண்டு பொருள்தான் தைராய்டு கட்டளைக்கே ஆரம்பம். 1977 மருத்துவ நோபல்ல பாதி இவங்க ரெண்டு பேருக்கு, மீதிப் பாதி ரோசலின் யாலோவுக்கு. ரத்தத்துல ஒரு கிராம்ல கோடியில ஒரு பங்கை விடக் கம்மியா இருக்குற ஹார்மோனை அளக்குற முறையை சாலமன் பெர்சனோட சேந்து உருவாக்குனவங்க அவங்க. பெர்சன் 1972லயே இறந்துட்டார், பரிசு அவருக்குக் கிடைக்கல. உங்க ரிப்போர்ட்ல 18.4ன்னு ஒரு எண் அச்சாகி வருதுன்னா அந்த வேலைலேர்ந்து வந்ததுதான்.

பிப்ரவரி 8, இரவு 9.40

"ஹார்மோன் பேலன்ஸ்" பண்ற பவுடர் லிங்க் ஒண்ணை யாரோ போட்டிருக்காங்க, அட்ரினல் களைச்சுப் போச்சாம், அதான் அசதியாம். இதைப் படிச்சதும் எனக்குக் கோவமே வந்துடுச்சு. மன அழுத்தத்துல அட்ரினல் களைச்சுப் போயி கார்டிசால் குறையுதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, ஹார்மோன் மருத்துவர்கள் சங்கங்கள் அப்படி ஒரு வியாதியையே ஏத்துக்கல. ஆனா அட்ரினல் உண்மையிலயே வேலை செய்யாமப் போறது வேற, தாமஸ் அடிசன் 1855லயே எழுதி வச்சது, அது பவுடர்ல தீராது. அதை நான் நேர்ல பாத்திருக்கேன்.

எங்க அப்பா மூட்டு வியாதிக்கு பிரட்னிசோலோன்னு ஸ்டீராய்டு மாத்திரை பல மாசம் சாப்பிட்டார். வலி நல்லா குறைஞ்சதும் "ஸ்டீராய்டு கெடுதல்"னு யாரோ சொன்னதைக் கேட்டு அவரா நிறுத்திட்டார், வீட்ல யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள்ல சாதாரணக் காய்ச்சல். அன்னிக்கு மத்தியானம் கட்டில்லேர்ந்து எந்திரிச்சவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார், பேரு சொல்லிக் கூப்பிட்டா பதில் வர ரொம்ப நேரமாச்சு. உதடு காஞ்சு, கை சில்லுன்னு. ஆஸ்பத்திரில பிரஷர் 80க்குக் கீழ, சோடியம் இறங்கியிருந்தது. டியூட்டி டாக்டர் மருந்து விவரத்தைக் கேட்டு, காலி மாத்திரை அட்டையைப் பாத்த உடனே ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலேதான்) ஊசி போடச் சொன்னார். சாயங்காலம் அப்பா எந்திரிச்சு உக்காந்து கண்ணாடி எங்கன்னு கேட்டார். எங்களுக்கு அழுகையே வந்துடுச்சு.

நடந்தது இதுதான். வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு தினமும் வந்தா பிட்யூட்டரி அதைக் கார்டிசால்னு எடுத்துக்கிட்டு அட்ரினலுக்கு உத்தரவான ஏசிடிஹெச் அனுப்புறதை நிறுத்திடுது. ஏசிடிஹெச் வராத அட்ரினல் சுருங்கிப் போகுது. மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்துற அன்னிக்குக் உத்தரவு போடுற பிட்யூட்டரியும் தூக்கம், செய்யுற அட்ரினலும் தூக்கம். எழுப்ப மாசக்கணக்கா ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் கூட. அதனாலதான் டோஸைப் படிப்படியா குறைக்கிறாங்க. ஸ்டீராய்டு பல வாரமா எடுக்குறவங்க தயவுசெஞ்சு தானா நிறுத்தாதீங்க, காய்ச்சல், ஆபரேஷன்னு வந்தா டோஸை ஏத்தணுமான்னு முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, மாத்திரை வயித்துல தங்காம வாந்தி எடுத்தா ஊசி தேவைப்படும், காத்திருக்காதீங்க. பர்ஸ்ல ஒரு சீட்டு எழுதி வச்சுக்கிறது நல்லது.

பிப்ரவரி 9, காலை 6.30

4ஆம் தேதி எழுதினதுல ஒரு பாதிதான் இருக்குன்னு ராத்திரி தோணுச்சு. ஏறினா அடக்கு, இறங்கினா ஏத்து, இதுதான் ஹார்மோன்னு படிக்கிறவங்க நினைச்சுடக் கூடாது. மாதச் சுழற்சியைப் பாருங்க. முதல் பாதியில ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்கித்தான் வைக்குது. கருமுட்டை வளர்ற பையோட ஈஸ்ட்ரோஜன் ஒரு அளவைத் தாண்டி ரெண்டு நாள் போல அப்படியே உச்சத்துல நின்னா, அதே ஈஸ்ட்ரோஜன் அதே பிட்யூட்டரியைத் தூண்டி விடுது! முட்டையை வெளிய தள்ளுற பிட்யூட்டரி ஹார்மோன் எல்ஹெச் ஒரே பாய்ச்சலா ஏறி, ஒண்ணரை நாள் போல கழிச்சு முட்டை வெளிய வருது. பிரசவத்துலயும் இதே: குழந்தையோட தலை கர்ப்பப்பை வாயை அழுத்த அழுத்த கர்ப்பப்பையைச் சுருக்குற ஆக்ஸிடோசின் ஏறும், அது ஏற ஏற இன்னும் சுருக்கம், குழந்தை வெளிய வந்தாதான் முடியும். முடிவு ஒண்ணு இருக்குற வேலைக்கு மட்டும் உடம்பு இப்படி விட்டுப் பிடிக்குது. எவ்வளவுங்கிறதோட எத்தனை நேரம்ங்கிறதும் கணக்குல வருதுன்னு இதுல தெரியுது.

பிப்ரவரி 10, இரவு 10.15

எத்தனை நேரம்னு எழுதினதுலேர்ந்து அதேதான் மண்டையில ஓடுது. எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஹைப்போதலாமஸ் விடுற ஜிஎன்ஆர்ஹெச், அதாவது எல்ஹெச்சை விடச் சொல்லி பிட்யூட்டரிக்குப் போற உத்தரவு, தொடர்ச்சியா வராது. ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு விட்டு விட்டு வரும். எர்ன்ஸ்ட் நோபில்னு ஒரு ஆராய்ச்சியாளர், ரீசஸ் குரங்குகள்ல ஹைப்போதலாமஸ்ல அதை விடுற இடத்தை அழிச்சுட்டு வெளியிலேர்ந்து ஜிஎன்ஆர்ஹெச் குடுத்துப் பாத்தார், 1978ல வெளிவந்தது. மணிக்கு ஒரு தடவை குடுத்தா எல்ஹெச், கூடவே பிட்யூட்டரி விடுற இன்னொரு ஹார்மோன் எஃப்எஸ்ஹெச், ரெண்டும் திரும்ப வந்துச்சு. அதையே நிறுத்தாம சொட்டு சொட்டா ஏத்துனா ரெண்டும் விழுந்துடுச்சு. மருந்து அதே மருந்து, குரங்கு அதே குரங்கு. இடைவெளி மட்டும்தான் வேற. சத்தம் நிக்காம வந்தா பிட்யூட்டரி செல் தன்னோட ஏற்பிகளை (ஹார்மோன் வந்து ஒட்டுற இடங்களை) உள்ள இழுத்துக்குது.

இந்த ஒரு விஷயத்தை வச்சு இப்ப நேர் எதிரான ரெண்டு வைத்தியம் நடக்குது. ஹைப்போதலாமஸ் வேலை செய்யாததால கருமுட்டை வராத பெண்களுக்குச் சின்ன பம்ப் வச்சு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜிஎன்ஆர்ஹெச் குடுத்தா முட்டை வருது. ஆறேழு வயசுலயே வயசுக்கு வந்துடுற குழந்தைங்களுக்கு அதே ஜாதி மருந்தை நீண்ட நாள் நிக்குற ஊசியா போட்டா பருவமடையுறது அப்படியே நிக்குது, ஊசியை நிறுத்துனா அப்புறம் இயல்பா தொடருது. புராஸ்டேட் புத்துநோய்ல ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை இறக்கவும் இதே வழிதான். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் இறங்காம ஏறும், அதைப் பாத்து பயந்துடாதீங்கன்னு டாக்டர்கள் முன்னாடியே சொல்லுவாங்க. அந்த நாளுக்குன்னு கூட ஒரு மாத்திரையும் குடுக்குறது உண்டு.

எலும்புலயும் இதே. பாராதைராய்டு ஹார்மோன் (கழுத்துல இருக்குற சின்னச் சுரப்பிங்க விடுறது, ரத்தத்துல கால்சியத்தைப் பாத்துக்குறது) எந்நேரமும் ஏறியிருந்தா எலும்புலேர்ந்து கால்சியத்தை உருவி எலும்பைத் தேய்க்கும். அதே ஹார்மோனோட ஒரு துண்டை, டெரிபாரடைடு, தினம் ஒரு தடவை 20 மைக்ரோகிராம் ஊசியா போட்டா எலும்பு கட்டுது. எலும்புத் தேய்மானத்துக்கு அதையே மருந்தா குடுக்குறாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல எனக்கு. "இந்த ஹார்மோன் என்ன செய்யும்"னு கேக்குறதே அரைக் கேள்விதான், எந்த இடைவெளியில வருதுன்னு சேத்துக் கேட்டாதான் பதில் சொல்ல முடியும்.

பிப்ரவரி 11, காலை 8.10

"அப்ப இன்சுலினும் அப்படித்தானா?" ஆமா. கணையம் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டு விடுது, ரத்தத்துல அது பாதியா குறையுறதுக்கு அஞ்சு நிமிஷம் போல. டி4க்கு ஏழு நாள், இன்சுலினுக்கு அஞ்சு நிமிஷம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற வேலையை ஏழு நாள் நிக்குற ஹார்மோன்கிட்ட குடுக்க முடியாது.

பிப்ரவரி 13, இரவு 11.50

இன்சுலின் பேச்சு வந்ததால தங்கச்சி பத்தி. அவளுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது கணையம் இன்சுலின் சுரக்காது, சின்ன வயசுலேர்ந்து ஊசி. ஒரு நாள் சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரே துண்டை மடிச்சா, பிரிச்சா, மறுபடி மடிச்சா. "என்னடி"ன்னேன், "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா இரு"ன்னு சுள்ளுன்னு விழுந்தா. அவ அப்படிப் பேசுறவளே இல்ல. பின்கழுத்தைத் தொட்டா ஈரம். விரல்ல குத்திப் பாத்தா சர்க்கரை 46. குளுக்கோஸைக் கரைச்சு வாயில வச்சு குடிக்க வச்சேன், கால் மணி கழிச்சு 84. "எப்ப நீ வந்தே"ன்னு கேக்குறா.

சாதாரண ஆளுக்கு இது நடக்காது, ஏன்னா அடுக்கடுக்கா காவல் இருக்கு. சர்க்கரை 80 கிட்ட இறங்கும்போதே கணையம் இன்சுலினை நிறுத்தும். 65, 70 வரும்போது கணையமே விடுற இன்னொரு ஹார்மோன் குளுக்ககான் ஏறும், கல்லீரல் சேத்து வச்சதை அவுத்து விடும். கூடவே அட்ரினலின், கைநடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அதோட வேலை, போயி ஏதாவது சாப்பிடுன்னு நம்மளை எழுப்புறது அதுதான். இன்னும் நேரமானா வளர்ச்சி ஹார்மோன், கார்டிசால். 55, 50க்குக் கீழ போனா மூளை தடுமாற ஆரம்பிக்கும்.

சர்க்கரையை இறக்கன்னு ஹார்மோன் இன்சுலின் ஒண்ணுதான், ஏத்துறதுக்கு நாலு. உடம்பு எதுக்குப் பயப்படுதுன்னு இதுலயே தெரியும். டைப் 1ல என்னாகுதுன்னா, ஊசி போட்ட இன்சுலினை நடுவுல நிறுத்த முடியாது, முதல் காவல் போச்சு. சில வருஷத்துல குளுக்ககானும் இறங்குற சர்க்கரைக்கு ஏறாமப் போயிடுது, ரெண்டாவதும் போச்சு. மீதி அட்ரினலின். அடிக்கடி லோ ஆனா அதுவும் லேட்டா வர ஆரம்பிக்கும், படபடப்பு வர்றதுக்கு முன்னாடியே மூளை மங்கிடும். அன்னிக்கு என் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். அவளுக்கு உண்மையிலயே ஒண்ணும் தெரியல, பொய் சொல்லல.

இதுல நல்ல சேதி ஒண்ணு. சில வாரம் லோ ஆகாமப் பாத்துக்கிட்டா அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்ப வருது. அவளுக்கு டாக்டர் சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் உசத்தி வச்சார், இப்ப வேர்க்குதுன்னு அவளே சொல்றா. வீட்ல டைப் 1 இருக்குறவங்க, கோவம், பிடிவாதம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுறது, இதையும் அறிகுறியா எடுத்துக்கோங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, குளுக்ககான் ஊசி இருந்தா போடுங்க, இல்லன்னா உடனே ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 16, மதியம் 2.25

புதுசா ஒருத்தர் அம்மாவோட ரிப்போர்ட் போட்டிருக்கார், "கால்சியம் 11.3 கொஞ்சம் ஹை, பாராதைராய்டு ஹார்மோன் 52 நார்மல் (வரம்பு 15 முதல் 65), அதனால கவலை இல்லதானே?"

கவலைப்பட வேண்டிய ரிப்போர்ட் இதுதான். கழுத்துல தைராய்டுக்குப் பின்னால நாலு பாராதைராய்டு, ஒவ்வொண்ணும் ஒரு கிராம்ல ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். கால்சியம் இறங்குனா ஹார்மோனை ஏத்தணும், கால்சியம் ஏறினா ஹார்மோனை அமுக்கணும், இதுதான் அதுங்க வேலை. கால்சியம் 11.3ல இருக்குறப்ப அந்த ஹார்மோன் கீழ் வரம்புக்கும் கீழ போயிருக்கணும். 52ன்னு நிக்குதுன்னா நாலுல ஏதோ ஒண்ணு பேச்சைக் கேக்காம தன்பாட்டுக்குச் சுரக்குது, பெரும்பாலும் சாதாரணக் கட்டி. லேப்ல அச்சடிச்ச வரம்பு கால்சியம் சரியா இருக்குற ஆளுங்களை வச்சுப் போட்டது. அம்மாவுக்கு சிறுநீரகக் கல், எலும்புத் தேய்மானம் ஏதாவது இருந்துச்சான்னு கேளுங்க. ஒரு பரம்பரைச் சங்கதியிலயும் இதே எண்கள் வரும், அதுக்கு ஆபரேஷன் தேவைப்படாது, சிறுநீர்ல கால்சியம் எவ்வளவு போகுதுன்னு பாத்து பிரிச்சுடுவாங்க. ஆல்புமின் (ரத்தத்துல கால்சியத்தைத் தூக்கிட்டுப் போற புரதம்), வைட்டமின் டி ரெண்டும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க.

ஆபரேஷன்னு முடிவானாலும் பயம் வேணாம். இந்த ஹார்மோன் ரத்தத்துல பாதியா குறையுறது சில நிமிஷத்துல, அதனால கட்டியை எடுத்துட்டு ஆபரேஷன் மேஜையிலயே பத்து நிமிஷத்துல ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. பாதிக்கு மேல விழுந்திருந்தா சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கோம்னு தெரிஞ்சுடும்.

இந்த இழைல நான் திரும்பத் திரும்பச் சொல்றது இது ஒண்ணுதான், ஹார்மோன் எண்ணைத் தனியா படிக்காதீங்க. அது எதை அடக்கணும், எதைத் தூண்டணும், அந்த எதிர் எண் எங்க நிக்குதுன்னு பாத்துட்டுப் படிங்க.

பிப்ரவரி 21, இரவு 9.05

சுரப்பிகள் மட்டும்தான் ஹார்மோன் விடுமான்னு ஒரு மாணவர் கேட்டிருக்கார். இதயமே விடும். மேலறை அதிகமா விரிஞ்சா உப்பையும் தண்ணியையும் வெளியேத்தச் சொல்லி சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் அனுப்பும், 1981ல டி போல்ட் குழு காட்டுனது. சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் விட்டு ரத்த அணு செய்யச் சொல்லும். கொழுப்பு லெப்டின் விடும், 1994ல கண்டுபிடிச்சது. எலும்பும் விடும், குடலும் விடும்.

நான் சொல்ல வந்தது வேற ஒண்ணு. சிறுநீரகத்துல உப்பைப் பிடிச்சு வைக்கிற ஆல்டோஸ்டிரோனோட ஏற்பி இருக்கே, அதுல கார்டிசாலும் அதே பிடியா ஒட்டும். ரத்தத்துல கார்டிசால் ஆல்டோஸ்டிரோனை விட நூறு மடங்குக்கும் மேல. அப்ப எந்நேரமும் உப்பைப் பிடிச்சு வச்சு எல்லாருக்கும் பிரஷர் ஏறியிருக்கணுமே? ஏறல, ஏன்னா அந்த செல்லுக்குள்ள ஒரு நொதி உக்காந்து வர்ற கார்டிசாலை எல்லாம் ஒட்டாத கார்டிசோனா மாத்திக்கிட்டே இருக்கு. அதிமதுரத்துல இருக்குற கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுக்கும். இருமலுக்குன்னு அதிமதுரத்தை அளவுக்கு மீறி வாரக்கணக்கா எடுக்குறவங்களுக்குப் பிரஷர் ஏறி பொட்டாசியம் இறங்குறது உண்டு, ஆல்டோஸ்டிரோனை அளந்தா அது குறைவாத்தான் இருக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க கவனம்.

பிப்ரவரி 24, காலை 7.15

கார்டிசால் டெஸ்ட் எழுதியிருக்காங்க, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்ற வழியில குடுக்கலாமான்னு கேட்டவருக்கு: எதுக்கு எழுதியிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. கார்டிசால் காலையில எந்திரிக்கிற நேரத்துல உச்சம், நடுராத்திரி அடிமட்டம். குறைவா இருக்கான்னு தேடுறாங்கன்னா காலை 8 மணி ரத்தம்தான் வேணும், சாயங்காலம் எடுத்தா எல்லாருக்குமே குறைவாத்தான் வரும். அதிகமா சுரக்குதான்னு, அதாவது குஷிங்கான்னு தேடுறாங்கன்னா நேர் எதிர்: ராத்திரி 11 மணிக்கு எச்சில் சாம்பிள், அந்த நேரத்துல அடங்காம இருந்தாதான் சந்தேகம். கர்ப்பத்தடை மாத்திரை எடுக்குறவங்களுக்கு ரத்தத்துல கார்டிசாலைத் தூக்கிட்டுப் போற புரதம் ஜாஸ்தியாகி மொத்த எண் ஏறித் தெரியும், அதை ஃபார்ம்ல எழுதிடுங்க. நைட் ஷிஃப்ட் பாக்குறவரா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பகல்ல தூங்குறவங்களுக்கு அந்த 11 மணிக் கணக்கு பொருந்தாது.